மோதிரம் தந்த கால்குலேட்டர்

இரண்டாம் உலகப் போர் முடிந்த ஜப்பானில் சிகரெட்டுக்கு ஏகத் தட்டுப்பாடு. நுனி வரை இழுத்துவிட வேண்டும், விரலும் சுடக் கூடாது, கைவேலையும் நிற்கக் கூடாது. டோஷியோ காஷியோ ஒரு மோதிரத்தில் சிகரெட் செருகும் குழலைப் பொருத்தினார். அண்ணன் டாடாவோ 1946-இல் டோக்கியோவில் தொடங்கிய பட்டறை, பின்னாளைய காசியோ நிறுவனம், அதைச் செய்து விற்றது. அந்த வரும்படிதான் கால்குலேட்டர் ஆராய்ச்சிக்கு முதல். (புகையால் விளைந்த நன்மை என்று வேறெதையும் சொல்லத் தெரியவில்லை.)

1957-இல் ‘14-ஏ’ என்ற கால்குலேட்டர் வந்தது. எடை 140 கிலோ. விலை 4,85,000 யென். பார்த்தால் அலுவலக மேசை. பல்சக்கரம் எதுவும் கிடையாது. அன்று தொலைபேசி நிலையங்களில் இருந்த ரிலே என்ற மின்சுவிட்சுகளே உள்ளே கணக்குப் போட்டன.

எனக்குப் பிடித்தது அதன் விசைப்பலகை. அதுவரை பல இயந்திரங்களில் ஒன்று, பத்து, நூறு என ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி வரிசையாக விசைகள் இருந்தன. இதில் 0 முதல் 9 வரை பத்தே எண் விசைகள். காட்டும் சாளரமும் ஒன்றுதான்: தட்டிய எண் தெரியும், அடுத்த எண்ணைத் தட்டினால் பழையது போய்விடும், கடைசியில் விடை. இன்று செல்போனில் கூட்டுகிறவரும் அதே பத்து எண் விசைகளைத்தான் தட்டுகிறார்.

1972-இல் ‘காசியோ மினி’ உள்ளங்கைக்குள் வந்தது, 12,800 யென்னுக்கு. அதே நிறுவனத்தின் ஜி-ஷாக் கைக்கடிகாரத்துக்கு ரசிகர்கள் ஏராளம். என் ஓட்டு அந்த 140 கிலோ மேசைக்குத்தான்.