சாம்பல் பைப்பும் கை எட்டாத ஜாயின்ட்டும்

அமெரிக்காவில் ஆர்.வி. என்று சொல்லப்படும் வீட்டு வண்டிகளில் நல்ல தண்ணீர் பைப் ஒழுகினால் என்ன செய்வது? இதற்கு விடை சொல்லும் கட்டுரைகளும் வீடியோக்களும் கொட்டிக் கிடக்கின்றன. எங்கள் வீட்டு வாசலில் 1990களின் தொடக்கத்தில் செய்த டிரெய்லர் ஒன்று நிற்பதால், சில மாதங்களாக இவற்றைப் படிப்பதும் பார்ப்பதும்தான் என் வார இறுதி வேலை. எல்லாம் முடிந்தபின் ஒரு எரிச்சல் மிஞ்சியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி வருவது ஒரே கேள்வியைத்தான்: எந்த ஜாயின்ட் சிறந்தது? ஒருவர் தாமிர வளையம்தான் என்பார். இன்னொருவர் தள்ளிச் செருகினால் பிடித்துக்கொள்ளும் ஃபிட்டிங்தான் என்பார். கீழே அடிதடி நடக்கும். ஆனால் அந்த ஜாயின்ட் வண்டிக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அங்கே கை போகுமா, டார்ச் வெளிச்சமாவது விழுமா என்று கேட்பவர் அரிது. என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

ஆர்.வி. பழக்கமில்லாதவர்களுக்காக அதன் தண்ணீர் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டிலுக்கு அடியிலோ தரைக்குக் கீழோ ஒரு பிளாஸ்டிக் டேங்க். அதிலிருந்து 12 வோல்ட்டில் ஓடும் சின்ன பம்ப் தண்ணீரை இழுத்து அனுப்பும். லைனில் அழுத்தம் 50 பி.எஸ்.ஐ.யை ஒட்டி வந்ததும் பம்ப் தானாக நின்றுவிடும். குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும், பம்ப் மறுபடி ஓடும். முகாம் மைதானத்தில் வெளிக்குழாய் இருந்தால் பம்ப்பே வேண்டாம், ஹோஸை வண்டியின் பக்கவாட்டில் மாட்டினால் போதும். இரண்டு வழியிலும் வரும் தண்ணீர் ஒரே லைனில் சேர்ந்து, ஒரு கிளை வெந்நீர் ஹீட்டருக்கும் மற்றவை சமையல் தொட்டி, குளியல், கழிப்பறைக்கும் போகும். அவ்வளவுதான். ஒரு சின்ன வீட்டின் பிளம்பிங்தான். ஒரே வித்தியாசம், இந்த வீடு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்கிக்கொண்டு போகும்.

இப்போது சாம்பல் பைப்புக்கு வருவோம். எங்கள் டிரெய்லரிலும் அதுதான் ஓடுகிறது. பாலிபியூட்டிலீன் என்று பெயர். 1978 முதல் 1995 வரை அமெரிக்க வீடுகளிலும் வண்டிகளிலும் ஏராளமாகப் போட்டார்கள். தாமிரத்தைவிட மலிவு, வளையும், பற்றவைக்க நெருப்பு வேண்டாம். பிறகு வீடுகளில் வரிசையாக ஒழுக ஆரம்பித்தது. குடிநீரில் கலக்கும் குளோரின் பைப்பின் உட்பக்கத்தை மெல்ல அரித்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்கியது. வழக்கு நடந்து, 1995இல் குறைந்தது 95 கோடி டாலர் சமரச நிதியில் வந்து முடிந்தது.

இந்தக் கதையை எல்லோரும் 'கெட்ட பைப்' கதையாகவே சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சமரசத்தில் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டவர்கள் யார் என்று பாருங்கள். பைப்புக்கான மூலப்பொருளைச் செய்த ஷெல் நிறுவனம் ஒன்று. இன்னொன்று ஹோக்ஸ்ட் செலனீஸ். இவர்கள் கொடுத்தது பைப்பைச் சேர்க்கும் ஃபிட்டிங்குகளுக்கான அசிட்டால் பிளாஸ்டிக்கை! குளோரின் அந்த ஃபிட்டிங்குகளையும் உடைத்தது. அதாவது ஜாயின்ட்டும் குற்றவாளிக் கூண்டில் நின்றது. ஊர் நினைவில் மட்டும் பைப்பின் நிறம் தங்கிவிட்டது. அதனால்தான் இன்றைக்கும் ஒருவர் பழைய ஆர்.வி. வாங்கினால், 'சாம்பல் பைப் இருக்கா? முழுசா பிடுங்கிப் போட்டுட்டு பெக்ஸ் போடுங்க' என்று உடனே அறிவுரை வருகிறது. வருடம் முழுக்கக் குளோரின் தண்ணீர் அழுத்தத்தில் நிற்கும் வீட்டையும், வருடத்தில் சில வாரம் மட்டும் ஓடும் வண்டியையும் ஒரே தராசில் வைப்பது சரியா? நான் அப்படி நினைக்கவில்லை. பைப் நன்றாக இருந்து ஜாயின்ட் மட்டும் ஒழுகினால், அந்த இடத்தை மட்டும் வெட்டி பெக்ஸ் துண்டு வைக்கலாம்.

பெக்ஸ் என்பது குறுக்குப் பிணைப்பு கொண்ட பாலிஎதிலீன். அரை அங்குல பெக்ஸும் அரை அங்குல சாம்பல் பைப்பும் வெளியளவில் ஒன்றுதான், இரண்டுமே ஐந்தேகால் எட்டு அல்ல, சரியாக எட்டில் ஐந்து அங்குலம். உள்ளளவு வேறு. அதனால் பெக்ஸுக்கான ஃபிட்டிங்கைச் சாம்பல் பைப்புக்குள் அப்படியே செருகக் கூடாது. இரண்டையும் சேர்ப்பதற்கென்றே தனி ஃபிட்டிங் விற்கிறார்கள். இந்த ஒரு வரியைச் சொல்லாமல் 'ரெண்டும் ஒரே சைஸ்தான்' என்று முடிக்கும் வீடியோக்கள்மீது எனக்குக் கோபமே உண்டு. பார்க்கிறவர் நம்பிச் செருகுவார். அன்றைக்கு ஒழுகாது. மலைப்பாதையில் ஒரு நாள் ஓடியபின் ஒழுகும்.

ஜாயின்ட் வகைகளைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தாமிர வளையத்தை நசுக்கிப் பிடிக்க வைப்பது உறுதியான முறை, விலையும் குறைவு. சரியாக நசுங்கியதா என்று பார்க்க ஒரு அளவுத் தகடும் உண்டு. ஆனால் நீளக் கைப்பிடிகளை விரித்து மூட இடம் வேண்டும். சமையல் தொட்டிக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு அதைச் செய்வது சர்க்கஸ். காது வைத்த எஃகு வளையத்துக்கான கருவி சின்னது, இடுக்கில் நுழையும். வண்டிக்கு என் ஓட்டு அதற்கே. தள்ளிச் செருகும் ஃபிட்டிங்கில் எஃகுப் பற்கள் பைப்பைப் பிடித்துக்கொள்ளும், ரப்பர் வளையம் தண்ணீரைத் தடுக்கும். விலை அதிகம். பைப்பை நேராக வெட்டாவிட்டாலோ, வெட்டிய முனையில் பிசிர் இருந்தாலோ ரப்பர் கிழியும். வழியில் அவசரத்துக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் சுவருக்குள் வைத்து மூடிவிட்டு மறந்துவிடச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

தொழிற்சாலையிலேயே வருவது வேறு ரகம்: குழாய்க்கு அடியில் பிளாஸ்டிக் நட்டு, உள்ளே கூம்பு வடிவ வாஷர். இது கையால் இறுக்க வேண்டியது. ஒழுகுகிறது என்றதும் ஸ்பேனரை எடுத்து முறுக்கினால் நட்டில் மயிரிழை விரிசல் விழும். இன்னொரு கூத்து, மரையில் டெஃப்லான் டேப் சுற்றச் சொல்வது. இந்த வகையில் தண்ணீரைத் தடுப்பது கூம்புதான், மரை வெறுமனே பிடித்துக்கொள்கிறது. டேப் சுற்றினால் நட்டு முழுசாக ஏறாமல் போகலாம். மெல்லக் கூம்பும் இரும்புக் குழாய் மரைக்குத்தான் டேப் வேண்டும். எங்கே எது என்று பிரித்துச் சொல்லாமல் 'எல்லா மரைக்கும் ரெண்டு சுத்து' என்பது சோம்பேறி அறிவுரை.

சரி, இவ்வளவு நல்ல ஜாயின்ட்டுகள் இருந்தும் ஏன் தரை அழுகுகிறது? வண்டி எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்தால் புரியும். இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரம்தான் இந்தத் தொழிலின் தலைநகரம். பெரும்பாலும் அங்கே டிரெய்லரை உள்ளிருந்து வெளியே கட்டுகிறார்கள். முதலில் தரை. அதன்மேல் பைப், ஹீட்டர், குளியல் தொட்டி. பிறகு அலமாரிகள். கடைசியாகத்தான் பக்கச் சுவர்களும் கூரையும். பைப் போடும் தொழிலாளிக்கு நாலு பக்கமும் திறந்த வெளி. ஒவ்வொரு திருப்பத்திலும் முழங்கை ஃபிட்டிங் போடுவது அவருக்குச் சில நொடி வேலை. அடுத்த சில மணி நேரத்தில் அதே ஜாயின்ட் குளியல் தொட்டிக்குப் பின்னால் போய்விடும். செய்தவருக்கு எட்டியது, வாங்கியவருக்கு ஒருநாளும் எட்டாது.

அங்கே ஒழுகினால் எப்படித் தெரியும்? மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், இந்த அமைப்பில் இருக்கும் ஒரே லாக் பம்ப் சத்தம்தான். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது, சில நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் ஒரு வினாடி துடித்து நின்றால், எங்கோ அழுத்தம் இறங்குகிறது. கழிப்பறை வால்வு கசிந்தாலும் அப்படி ஆகும். பம்ப்பின் ஒருவழி வால்வு தேய்ந்து தண்ணீர் டேங்குக்கே திரும்பினாலும் ஆகும். அந்த இரண்டையும் பார்த்துவிட்டால் மிச்சம் லைன்தான்.

ஆனால் வெளிக்குழாயில் மாட்டியிருக்கும்போது பம்ப்புக்கு வேலையே இல்லை. எனவே சத்தமும் இல்லை. டேங்கிலிருந்து ஒழுகினால் டேங்க் காலியானதும் நின்றுவிடும். வெளிக்குழாயிலிருந்து ஒழுகினால் முகாமுக்கு வரும் தண்ணீர் நிற்கும்வரை ஒழுகும். ஆபத்து அதிகமான நிலையில்தான் வண்டி ஊமையாக இருக்கிறது! அழுத்தக் குறைப்பான் மாட்டச் சொல்லி ஆயிரம் பேர் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் மாதம் ஒருமுறை வெளிக்குழாயைக் கழற்றிவிட்டு, பம்ப்பை ஓடவிட்டு அரைமணி நேரம் காது கொடுத்துக் கேளுங்கள் என்று சொல்பவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. கை எட்டும் ஒரே இடத்தில் கிளைப் பெட்டி வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு குழாய்க்கும் நடுவில் ஜாயின்ட் இல்லாத ஒரே பைப்பை இழுத்துவிடலாம். பெக்ஸ் வளையும், முழங்கை தேவையில்லை. வீடுகளில் இது பழகிய முறை, விலை உயர்ந்த சில மோட்டார்ஹோம்களிலும் உண்டு. பைப் கூடுதலாகச் செலவாகும். குளிர்காலத்துக்கு முன் ஒவ்வொரு கிளையிலும் தண்ணீரைத் தனித்தனியாக வெளியேற்ற வேண்டும். இரண்டும் உண்மையான குறைகள்தான். இருந்தாலும் உறைபனியில் பெக்ஸ் கொஞ்சம் விரிந்து தாங்கும், உடைவது பெரும்பாலும் ஃபிட்டிங்தான். ஃபிட்டிங் எண்ணிக்கையைக் குறைக்கும் எதற்கும் நான் அந்தக் கூடுதல் பைப்பின் காசைக் கொடுப்பேன்.

பழைய வண்டியில் இவ்வளவு செய்ய முடியாது. எங்கள் டிரெய்லரில் குளியல் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மூன்று ஜாயின்ட்டுகளும் இதுவரை ஒழுகவில்லை. ஆனாலும் பக்கத்து அலமாரியின் பின்பலகையில் ஓரடிச் சதுரம் வெட்டி, நாலு திருகில் கழற்றி மாட்டும்படி ஒரு மூடி போட்டேன். பயணம் முடிந்து திரும்பும்போதெல்லாம் அதைக் கழற்றி, உள்ளே விரித்திருக்கும் காகிதத் துண்டு ஈரமா என்று தொட்டுப் பார்க்கிறேன்.