மாற்றுச் சாவி இருந்தும் திறக்காத கதவு

வீட்டுக்கு இரண்டு சாவி வைத்துக்கொள்வது நம் வழக்கம். ஒன்று தொலைந்தால் மற்றொன்று உதவும். ஆனால் மாற்றுச் சாவியைப் பயன்படுத்துவதற்கான அனுமதிச் சீட்டைப் பூட்டிய வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் என்ன பயன்? 2020-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் ஆப்பிள் நிறுவனத்தின் மாக் கணிப்பொறிகளில் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கிறது.

கணிப்பொறி கண் விழிப்பது எப்படி?

கணிப்பொறியின் வன்தட்டில் இரு வகைப் பொருள்கள் உள்ளன. ஒன்று நாம் எழுதிச் சேர்த்த கோப்புகள். மற்றொன்று கணிப்பொறியையே நடத்திச் செல்லும் இயக்க முறைமை. கோப்புகளை மட்டும் இன்னொரு தட்டில் படியெடுத்தால் உழைப்பு தப்பும்; ஆனால் வேலை நின்றுபோகும். இயக்க முறைமையையும் சேர்த்துப் படியெடுத்தால், முதல் தட்டு படுத்துவிட்டாலும் நகல் தட்டைக் கொண்டே கணிப்பொறியைத் தொடங்கலாம். இதுவே 'தொடங்கவல்ல நகல்'.

மின்சாரம் பாய்ந்த கணத்தில் கணிப்பொறியின் நினைவகம் வெறுமையாக இருக்கும். ஆகவே அழியாத சில்லு ஒன்றில் சிறு நிரல் ஒன்றை எழுதி வைத்திருப்பர். அது தட்டைத் தேடிப் பிடித்து, அடுத்த நிரலை அழைக்கும். அந்த நிரல் இயக்க முறைமையை எழுப்பும். சாதாரண மேசைக் கணிப்பொறியில் அந்த முதல் நிரல் தாய்ப்பலகையில் உள்ள தனிச் சில்லில் இருக்கிறது. தட்டு மாண்டாலும் அது மாள்வதில்லை. வேறு தட்டைத் தேடிச் செல்லும்.

பழைய மாக் கணிப்பொறிகளும் இப்படித்தான் இருந்தன. 2002-இல் மைக் பாம்பிச் வெளியிட்ட 'கார்பன் காப்பி குளோனர்' போன்ற மென்பொருள்கள் இரவில் நகலைப் புதுப்பித்து வைக்கும். மறுநாள் உள்தட்டு பழுதானால், ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு நகல் தட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். செய்முறைத் தேர்வன்று காலையில் இதன் அருமை தெரியும்!

இரண்டு பூட்டுகள்

2020 நவம்பரில் 'பிக் சர்' இயக்க முறைமை வந்தது. அதில் இயக்க முறைமை இருக்கும் பகுதி முழுவதற்கும் முத்திரை இடப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் 256 பிட் நீளமுள்ள அடையாள எண் கணக்கிடப்படுகிறது. அவை மர வடிவில் ஒன்று சேர்ந்து உச்சியில் ஒரே எண்ணாகின்றன. ஒரு பைட் மாறினாலும் உச்சி எண் மாறி, முத்திரை உடையும். கள்ள நிரல்கள் ஒளிந்துகொள்ள இடமில்லை. இது பாராட்டத்தக்கதே. ஆனால் அந்த முத்திரையைப் பிறர் இட முடியாதாகையால், நகல் மென்பொருள்கள் ஆப்பிளின் சொந்தக் கருவியையே நம்ப வேண்டியதாயிற்று. 2021-இல் வந்த கார்பன் காப்பி குளோனரின் ஆறாம் பதிப்பு, தொடங்கவல்ல நகலைப் 'பழைய முறை' என்று ஒதுக்கியே வைத்தது.

அதே நவம்பரில் வந்த எம்1 சில்லு இரண்டாம் பூட்டைப் போட்டது. எந்தத் தட்டிலிருந்து தொடங்கலாம் என்ற அனுமதிக் குறிப்பும், இரண்டாம் கட்டத் தொடக்க நிரலும் உள்சேமிப்பிலேயே வைக்கப்பட்டன. வெளித்தட்டிலிருந்து தொடங்கும்போதும் கணிப்பொறி முதலில் உள்சேமிப்பைத்தான் நாடுகிறது. உள்சேமிப்பு செத்தால் நகல் தட்டு எவ்வளவு நலமாக இருந்தாலும் கணிப்பொறி எழாது.

சமாதானங்கள் சரியா?

'திருடன் தன் தட்டைச் செருகித் தொடங்கிவிடக் கூடாதே' என்பது முதல் சமாதானம். நியாயம்தான். ஆனால் அதற்கு வேண்டியது உரிமையாளரின் கடவுச்சொல். அந்த அனுமதியைக் கெட்டுப்போகக்கூடிய அதே சேமிப்பில் வைப்பது அன்று. தனிச் சில்லில் வைத்திருக்கலாம்.

'சுழலும் பகுதியே இல்லாத சேமிப்பு எளிதில் கெடாது' என்பது இரண்டாவது. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் வன்தட்டின் தேய்மானம் இதில் இல்லை என்பது உண்மையே. ஆனால் இதில் தகவல், காப்புப் படலத்தால் சூழப்பட்டுச் சிறைப்பட்ட எலெக்ட்ரான்களாக இருக்கிறது. எழுதி அழிக்கும்தோறும் அப்படலம் நலிகிறது. மேலும் மாக்புக்குகளில் இச்சில்லுகள் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. கழற்றி மாற்ற இயலாது.

இங்கே ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு தட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று சாராத இரு தட்டுகளும் அதே ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. ஆனால் இரண்டாவது தட்டு முதலாவதைச் சார்ந்தே இயங்குமானால், முதலாவது போனதும் இரண்டும் போனதுபோலத்தான். கணிப்பொறி நின்றுபோகும் வாய்ப்பு மீண்டும் நூற்றில் ஒன்றுதான். காப்பு என்பது எண்ணிக்கையில் இல்லை, சாராமையில் இருக்கிறது. ஆப்பிளின் அமைப்பில் நாம் காணும் குறை இதுவே.

நம் பக்கத்துக் குறைகளையும் மறைக்கலாகாது. நகல் இருக்கிறதே என்ற நிறைவில் அதை ஒரு நாளும் தொடங்கிப் பார்க்காதவர்கள் பலர். தவறுதலாக அழித்த கோப்பு, அன்றிரவே நகலிலும் அழிந்துபோகும் என்பதை எண்ணாதவர்களும் பலர்.

ஆகவே மாக் வைத்திருப்போர், கோப்புகளின் பழைய வடிவங்களையும் காக்கும் 'டைம் மெஷின்' போன்ற படியொன்றும், வேறிடத்தில் இன்னொரு படியும் வைத்திருக்கட்டும். அவசரத்துக்கு எந்தக் கணிப்பொறியை நாடுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யட்டும். விண்டோஸ், லினக்ஸ் பயன்படுத்தும் மாணவர்கள் தொடங்கவல்ல தட்டொன்றைச் செய்துகொள்ளலாம். செய்தால் மட்டும் போதாது. இன்றே அதைக் கொண்டு ஒருமுறை தொடங்கிப் பார்க்க வேண்டும். பூட்டில் இட்டுத் திருப்பிப் பார்க்காத சாவி, வெறும் இரும்புத் துண்டு அன்றோ!