பரிசிலும் வரிசையும்

2023ஆம் ஆண்டிலே சென்னையிலிருந்து ஜீ தமிழ்த் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ என்னும் சிறுவர் பாட்டுப் போட்டியின் மூன்றாம் தொடரில் இலங்கைச் சிறுமியர் இருவர் பாடினர். ஒருவர் யாழ்ப்பாணத்து அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா. மற்றவர் புசல்லாவைப் பகுதியின் நயப்பனைத் தோட்டத்தைச் சேர்ந்த அசானி. அவ்வாண்டு டிசெம்பரில் கில்மிஷா முதற்பரிசைப் பெற்றார். இவை யாவரும் அறிந்த செய்திகள். ஆயின், இத்தகைய போட்டிகளைக் காணும் இரசிகர் தம்முட் பேசிக்கொள்ளும் பேச்சைப் பற்றி எவரும் எழுதக் காணோம். இரசனைத் திறனாய்வு என்பது நூல்களில் மட்டுமே வாழ்வதன்று. பொகவந்தலாவையிலே லயத்து வாசலிலும், கொழுந்து நிறுக்கும் இடத்திலும், ஹற்றனுக்குச் செல்லும் பேருந்திலும் நிகழும் பேச்சும் அதன்பாற் படுவதே.

அப்பேச்சில் இரு குரல்களை வேறு பிரித்தறியலாம். “எங்கள் பிள்ளை, எத்தனை கஷ்டத்துக்குள் இருந்து வந்து பாடுகிறாள்!” என்பது ஒன்று. “சரணத்தில் சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டது, அந்தப் பாட்டை எடுத்திருக்கக் கூடாது” என்பது மற்றொன்று. ஒரே இரசிகர் இவ்விரண்டையும் ஒரே மூச்சிற் சொல்வதுமுண்டு. முன்னது பாசத்தின் குரல். பின்னது மதிப்பீட்டின் குரல். தோட்டத்து மக்கள் மதிப்பீட்டுக்குப் புதியவர் அல்லர். காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் ஆண்டுதோறும் ஆடப்பெற்ற மண் இது. தபசு மரத்தில் ஏறி நின்று பாடும் அருச்சுனனின் குரல் இடையிற் கம்மினால், பனியில் கம்பளி போர்த்து அமர்ந்திருக்கும் முதியவர் அதனை உடனே கண்டுகொள்வார். காமன் கதையை ஒட்டி எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து பாடும் இலாவணி, தமிழர் தமக்கென வகுத்துக்கொண்ட பாட்டுப் போட்டியே ஆகும். அங்கே மன்மதன் எரிந்தானா இல்லையா என்ற வழக்கும், அதனைப் பாடி நிறுவும் திறமுமே அளவுகோல். பாடுவோன் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்பதை அவையோர் கேட்டதில்லை.

தொலைக்காட்சிப் போட்டியில் இவ்வளவுகோல் குழம்புமிடம் அறக்கொடை நிகழ்ச்சியாகும். அது இரு வகைப்படும். போட்டி மேடையைக் கொண்டு புறத்தே உள்ள ஏழைகளுக்குப் பொருள் திரட்டுவது ஒரு வகை. இதற்குப் பெரும் எடுத்துக்காட்டு அமெரிக்காவில் ‘அமெரிக்கன் ஐடல்’ என்னும் போட்டி 2007 ஏப்ரலில் நடத்திய ‘ஐடல் கிவ்ஸ் பாக்’ நிகழ்ச்சி. அமெரிக்காவிலும் ஆபிரிக்காவிலும் வறுமைப்பட்ட சிறுவர்க்கென நடந்த அந்நிகழ்ச்சியின் பயனாக ஏழு கோடி டொலருக்கு மேற் சேர்ந்தது. நேயர் அளிக்கும் ஒவ்வொரு வாக்குக்கும் பத்துச் சதம் வீதம், ஐந்து கோடி வாக்குகள் வரை, நிறுவனமே கொடுப்பதாகவும் ஏற்பாடு செய்யப்பட்டது. இவ்வாறு பாடகருக்கு இடும் வாக்கே ஏழைக்கு இடும் பிச்சைக் காசாகவும் ஆயிற்று. இன்னும் நோக்கத்தக்கது யாதெனில், அவ்வாரம் போட்டியாளர் எவரும் நீக்கப்படவில்லை என்பதே. இரக்கத்தின் இரவிலே ஒருவரை வெளியேற்றுதல் பொருந்தாது என அமைப்பாளர் கருதினர் போலும். அடுத்த வாரம் இரு வாரத்து வாக்குகளையும் சேர்த்தெண்ணி இருவரை ஒருங்கே அனுப்பினர். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டதேயன்றி மறக்கப்படவில்லை. அறமும் மதிப்பீடும் ஒரே மேடையில் ஒரே இரவில் நிற்க இயலாதென்பதை அவ்வணிக நிறுவனமும் ஒருவாறு உணர்ந்திருந்தது எனலாம். அவ்வளவுக்கு அதனைப் பாராட்டவும் வேண்டும்.

மற்ற வகை நம்மவர் நன்கறிந்தது. இங்கே ஏழை புறத்தே இல்லை, பாடுவோரே ஏழை. பாட்டுக்கு முன்னரோ பின்னரோ அவருடைய வீடும், தாயின் கூடையும், தந்தையின் கடனும் திரையிற் காட்டப்படும். பின்னணியில் வயலின் இழையும். நடுவர் கண் துடைப்பர். விருந்தினர் ஒருவர் எழுந்து வீடு கட்டித் தருவதாகவோ கல்விச் செலவை ஏற்பதாகவோ அறிவிப்பார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். அக்கைதட்டல் பாட்டுக்கா, கொடைக்கா, கண்ணீருக்கா என்பது கைதட்டுவோர்க்கும் விளங்காது.

அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்தார். பிறரால் இகழப்படுதல், உரியதை இழத்தல், முன்னைய நிலை தளர்தல், வறுமை என்பன அவை. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றில் இந்நான்கும் ஒருசேர உள்ளன. ஆகவே, அவ்வரலாற்றின் ஒரு துளியைத் திரையிற் காட்டிய அளவில் காண்போர் கலங்குதல் இயல்பே. ஆயின் வாழ்க்கையில் நேரும் சோகம் வேறு, கலையிற் சுவைக்கப்படும் கருணை வேறு என அபிநவகுப்தர் பிரித்துக் காட்டியதை ஈண்டு நினைத்தல் தகும். முன்னது நம்மை உதவச் செய்யும். பின்னது நம்மைக் கேட்கச் செய்யும். வீட்டின் படத்தைக் கண்டு கலங்கிய நெஞ்சோடு பாட்டைக் கேட்பவர் பாட்டைக் கேட்பதில்லை. தாம் கலங்கியதையே மீண்டும் ஒருமுறை கேட்கின்றனர். சிறுமி நன்றாகப் பாடினாளா என்ற வினாவுக்கு அவரிடம் விடை இராது. அவ்வினா எழுந்தாற் சினமும் கொள்வர்.

பாடுவோரின் வறுமையும் அவர்க்குக் கிடைக்கும் கொடையும் தமிழிலக்கியத்துக்கு அந்நியமல்ல. சங்கப் பாணரும் பொருநரும் புலவரும் பசியோடு வந்து பரிசில் பெற்றுச் சென்றோரே. ஆயினும் அவர்கள் பரிசிலையும் பிச்சையையும் கூர்மையாக வேறுபடுத்தினர். அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிப் பெருஞ்சித்திரனார் மலைகள் பல கடந்து வந்தபோது, மன்னன் அவரை நேரிற் காணாமலே பொருள் கொடுத்து அனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம்மைக் காணாது, தம் திறத்தை அறியாது தந்ததைக் கொண்டு செல்லத் தாம் வணிகப் பரிசிலர் அல்லர் என்றும், தம் தகுதியை அளந்தறிந்து தருவதாயின் தினையளவு சிறிதெனினும் இனிதே என்றும் அவர் கூறியதைப் புறநானூற்றின் 208ஆம் செய்யுளிற் காணலாம். கபிலரும் மலையமான் திருமுடிக்காரியை நோக்கி, வருவோர் அனைவர்க்கும் வாரி வழங்குதல் கடினமன்று, ஒவ்வொருவரின் தரத்தை உணர்தலே கடினம் என்னும் கருத்துப்பட எடுத்துரைத்து, புலவரையெல்லாம் ஒரே தட்டில் வைத்து நோக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு வேண்டினார். தரத்தை உணர்ந்து ஒவ்வொருவர்க்கும் உரிய இடத்தை அளித்தலே வரிசையறிதல் எனப்பட்டது. வரிசையறியாக் கொடை எத்துணைப் பெரிதாயினும் அது கொடுப்போன் பெருமையைக் காட்டுமேயன்றிப் பெறுவோன் பெருமையைக் காட்டாது.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அது வலியதும் ஆகும். வயிறு நிறைந்தவர்க்கே வரிசை பேசுதல் எளிது. மழைக்கு ஒழுகும் லயக் காம்பிராவில் வாழும் குடும்பத்துக்கு வீடொன்று கிடைக்குமாயின், அது தரமறிந்து தந்ததா, இரங்கித் தந்ததா என ஆராய்தல் கொடுமையன்றோ? வீடு வீடுதான். அதனை மறுக்கும்படி எந்தத் தாயிடமும் எந்தத் திறனாய்வாளனும் கூற உரிமையில்லை. எனினும், பெருஞ்சித்திரனாரும் செல்வரல்லர் என்பதை மறத்தலாகாது. முதிய தாயும், பாலற்ற மார்பைப் பிள்ளை சுவைக்க வாடும் மனைவியும் பசித்திருக்கும் தம் இல்லத்தைக் குமணனிடம் அவரே பாடினார். பெற்ற பரிசிலை இன்னார் இனியார் என்னாது எல்லார்க்கும் கொடு என மனைவிக்குச் சொன்னவரும் அவரே. தம் வறுமையை அவர் மறைக்கவில்லை, பாட்டாக்கினார். அவ்வறுமைக்குச் சொல்லும் ஓசையும் அளவும் அவரே வகுத்தார். திரையில் நிகழ்வதோ வேறு. அங்கே சிறுமி பாடுவது திரைப்படக் காதற்பாட்டாகவோ தாலாட்டாகவோ இருக்கும். அவள் வறுமையை உரைப்பது படத்தொகுப்பாளரும் தொகுப்புரையாளரும் ஆவர். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எந்த முகத்தை அண்மையிற் காட்டுவது என்பன அவள் கையில் இல்லை.

கமெராவுக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று வந்ததன்று. பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலயத்து மயானத்திலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் நிழற்படக் கலைஞருள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமெரன் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1875இல் இலங்கைக்கு வந்து 1879 ஜனவரியில் இங்கேயே இறந்தவர் அவர். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமெரன், 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த கோல்புறூக்-கமெரன் ஆணைக்குழுவினர். இங்கிலாந்தில் அந்த அம்மையார் பிடித்த படங்களில் தெனிசனும் டார்வினும் கார்லைலும் தத்தம் பெயரோடு விளங்குகின்றனர். இலங்கையிற் பிடித்த படங்களில் உள்ள தொழிலாளரும் குடியானவரும் பெரும்பாலும் பெயரற்றவர். அழகிய படங்களே அவை. அம்முகங்களின் ஆழ்ந்த அமைதியை இன்றும் வியக்கலாம். ஆயினும் அவர் யார், எத்தோட்டத்தவர், என்ன பாடுவார் என்பதைப் படம் சொல்லாது. இன்றைய தொலைக்காட்சி பெயரைச் சொல்கிறது, ஊரைச் சொல்கிறது, பாடவும் விடுகிறது. இது பெரிய முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். நயப்பனை என்றொரு தோட்டம் உண்டென்பதும், மலையகத் தமிழர் என ஒரு மக்கட் கூட்டம் உண்டென்பதும் தமிழ்நாட்டு இல்லங்கள் பலவற்றுக்கு அந்நிகழ்ச்சி வாயிலாகவே முதன்முதற் சென்றன. அரசியலாளர் பலர் ஆண்டுகள் பல முயன்றும் ஆகாததைச் சிறுமி ஒருத்தியின் குரல் செய்தது.

ஆயினும் எந்த முகத்தோடு சென்றது என்று கேட்டல் வேண்டும். மலைநாட்டிலே பாட்டு இரக்கத்தை வேண்டி மட்டும் எழுந்ததில்லை. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரிடையே சங்கம் அமைத்துப் பேசிய காலத்தில், அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிற் பாடினார். இந்தியரின் இலங்கை வாழ்க்கை நிலையைப் பொருளாகக் கொண்ட அவருடைய பாடல்கள் 1940இல் நூலாகவும் வந்தன. அப்பாடல்களிலும் துன்பம் உண்டு. ஆனால் அத்துன்பத்துக்குக் காரணமானோர் முன்னிலைப்படுத்தி வினவப்பட்டனர். கேட்போர் கண்ணீர் விட்டு வீடு செல்ல அழைக்கப்படவில்லை, எழுந்து நிற்க அழைக்கப்பட்டனர். நடேசய்யர் ஹற்றன் தொகுதியிலிருந்து 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவானமையை அப்பாடல்களோடு சேர்த்தே எண்ணல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பின்னரும் பாட்டு ஓயவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தது அவை பரிதாபத்துக்குரியன என்பதற்காகவன்று, பாட்டாகச் சிறந்தன என்பதற்காகவே.

அதே 2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் இத்தீவுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்த ஆண்டு. ஜூலை இறுதியிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி, முன்னோர் நடந்து வந்த வழியே ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்னும் பெயரில் நடைபயணம் ஒன்று புறப்பட்டது. நடந்தோர் வேண்டியவை நிலம், வீடு, சமவுரிமை, அவற்றினும் மேலாக மாண்பு. போட்டித் தொடர் நடந்த ஆண்டும் அதுவே. ஒருபுறம் மாண்பைக் கேட்டு நடக்கும் மக்கள். மறுபுறம் அவர்தம் வாழ்வைக் கண்டு கலங்கும் அரங்கம். கலங்கியோர் மனம் தூயதே. ஆனால் வீட்டுரிமை என்பது அரசு தீர்க்க வேண்டிய வழக்கு. அது மேடையில் ஒருவர் மனமிரங்கித் தரும் கொடையாக மாறும்போது, ஒரு குடும்பத்தின் இன்னல் தீர்ந்து, அடுத்த காம்பிராவின் இன்னல் கண்ணுக்கு மறைகிறது. அடுத்த காம்பிராவில் இருப்பவளுக்குப் பாட வராது. அவளுக்கு எந்த மேடை?

அறக்கொடை நிகழ்ச்சியை நடத்துவோர் வரிசையை மாற்றினாலே குற்றத்திற் பாதி நீங்கும். முதலிற் சிறுமி பாடட்டும். நடுவர் அவள் சுருதியையும் தாளத்தையும் உச்சரிப்பையும், வேறெந்தப் போட்டியாளரிடத்தும் பேசுவது போலத் தயங்காது பேசட்டும்; பிழையுண்டேற் பிழை எனவும் சொல்லட்டும். அதன் பின்னர் அவள் ஊரைப் பற்றி, விரும்பினால், அவளே தன் வாயாற் கூறட்டும். கொடுப்போர் அதன் பிறகு கொடுக்கட்டும்.

தோட்டத்து இரசிகருட் சிலர் இதனை எவரும் சொல்லாமலே செய்து வருகின்றனர். நிகழ்ச்சி முடிந்த மறுநாட் காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று, நேற்றைய வீட்டுக் காட்சியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், அந்தப் பல்லவியை அவள் இரண்டாம் முறை எடுத்தபோது மேலே போனாளே, அது அவளாகப் போட்ட சங்கதியா, சொல்லிக் கொடுத்ததா என்று வாதிடுகின்றனர். ஒருத்தி பாடியும் காட்டுகிறாள். மற்றவள், “அப்படியில்லை, இப்படி” என்று திருத்துகிறாள். கங்காணி பெயர் கூப்பிடும்வரை அவ்வழக்குத் தீர்வதில்லை.