கண்ணகி வழக்குரையும் மேன்முறையீடும்

சித்தாண்டியில் சித்திர வேலாயுதரே பெருந்தெய்வம். எனினும் வைகாசி பிறந்துவிட்டால் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களெங்கும் காதில் விழுவது கண்ணகியின் வழக்கு. கோயிற் கதவு திறந்த நாள் முதல் குளிர்த்தி முடியும்வரை 'கண்ணகி வழக்குரை' பாடப்படுகிறது. பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் இதனைப் பதிப்பித்தார். அதன் பின்னரும் நம் புலவர் பலர் இந்நூலைச் சிலப்பதிகாரத்தின் பக்கத்தில் நிறுத்தி உயரம் அளப்பதையே ஆராய்ச்சி என்று கருதி வந்துள்ளனர். நூலின் பெயரை அவர்கள் ஊன்றிப் பார்த்தார்களா? இளங்கோ தம் காப்பியத்துக்குச் சிலம்பின் பெயரைச் சூட்டினார்; மட்டக்களப்பு மக்களோ வழக்கின் பெயரைச் சூட்டினர். தமக்கு வேண்டியது எது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அது மேன்முறையீட்டு வழக்கு. தீர்ப்பு வழங்கப்பட்டு, தண்டனையும் நிறைவேறிவிட்டது. அத்தீர்ப்புக்கு ஆதாரம் தட்டான் சொல் ஒன்றே. கண்ணகி கருணை கேட்கவில்லை. தண்டனை கடிது என்று முறையிடவுமில்லை. தீர்ப்பைத் தாங்கி நின்ற ஆதாரத்தையே அரசன் முன் உடைத்துக் காட்டுகிறாள். நூலில் உயிர் மீட்புக் காதை என்று ஒரு பகுதியும் உண்டு. சட்டப் புத்தகங்களில் அப்படியொரு காதை கிடையாது.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு நம் காலத்து மேன்முறையீடுகளைப் பார்ப்போம். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அருகிருந்தோரும் கொல்லப்பட்டனர். கொடிய கொலை, ஐயமில்லை. 1998 ஜனவரி 28இல் பூந்தமல்லித் தடா நீதிமன்றம் கொலைக்கும் கூட்டுச்சதிக்குமாக 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. ஒருவர்கூட மிஞ்சவில்லை! பொலிஸ் கண்காணிப்பாளரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்ற அச்சட்டம், உயர் நீதிமன்றம் என்னும் படியையும் எடுத்துவிட்டிருந்தது. நேரே உச்ச நீதிமன்றத்துக்கே போகவேண்டும். 1999 மே 11இல் அங்கு நால்வரின் தூக்கு உறுதியாயிற்று. மூவருக்கு ஆயுள் தண்டனை. எஞ்சிய 19 பேர் கொலை, சதிக் குற்றங்களிலிருந்து நீங்கினர். மேன்முறையீடு என்ற ஒன்று இல்லாதிருந்தால் அந்த 19 பேரின் கதி என்ன?

ஆயினும் அங்கும் சிலம்பு முழுதாக உடைபடவில்லை. தடாக் குற்றம் நிலைக்கவில்லை என்றது நீதிமன்றம். தடாவின்கீழ் எழுதப்பெற்ற வாக்குமூலங்களை மட்டும் நிலைக்கவிட்டது. மின்கலம் வாங்கித் தந்தார் என்று தண்டிக்கப்பட்டவர் பேரறிவாளன். அது எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரியே 2013இல் வெளிப்படையாகக் கூறினார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18இல். ஒரு வாக்கியத்தின் விலை அது.

இதை அயல்நாட்டுச் செய்தியாக வாசித்து மடித்து வைக்க நம்மால் இயலாது. 1993 யூலையில் சுற்றிவளைப்பொன்றில் பிடிபட்ட சிங்கராசா கொண்டுசெல்லப்பட்டது சித்தாண்டியிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள கொம்மாதுறை இராணுவ முகாமுக்கே. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் முன் அளித்த ஒப்புதலை ஏற்பதோடு, அது வலிந்து பெறப்பட்டது என்று நிறுவும் சுமையைக் கைதியின் தலையிலேயே வைக்கிறது. சிங்களத்தில் தட்டச்சான தாள். அடியில் தமிழரின் பெருவிரற் பதிவு. அதனை ஆதாரமாகக் கொண்டு 1995இல் மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறை விதித்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 35 ஆக்கியது. தாள் அப்படியே இருந்தது. எண் மட்டும் மாறியது. இதனை மேன்முறையீடு என்பதா, பேரம் என்பதா?

2000இல் உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004இல் அந்த விசாரணை நீதியானதன்று என்று கண்டது. அக்கண்டறிதலோடு வழக்கு மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, 2006 செப்டம்பர் 15இல் மனு தள்ளப்பட்டது. அத்தீர்ப்பு தங்கி நின்றது பெருவிரற் பதிவு எவ்வாறு விழுந்தது என்பதிலன்று. அக்குழுவின் அதிகாரத்தை ஏற்று 1997இல் இணங்க ஜனாதிபதிக்கு உரிமை இருந்ததா என்பதில்.