இங்கிலாந்து கேட்கும் தாள்கள்

தமிழ்நாட்டில் பி.எட். முடித்தவர், அந்தப் பட்டத்தை வைத்து இங்கிலாந்தில் முழுத் தகுதியுள்ள ஆசிரியராக முடியுமா? 2023 ஜனவரி வரை இதற்குப் பதில் ‘நேரடியாக முடியாது’ என்பதுதான். ‘கியூ.டி.எஸ்.’ என்னும் ஆசிரியர் தகுதிநிலைக்கு ஐரோப்பிய நாடுகள், ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய இடங்களில் பயிற்சி பெற்றவர்களே நேரடியாக விண்ணப்பிக்க முடிந்தது. 2023 பிப்ரவரியில் இந்தியா, நைஜீரியா, கானா, ஜமைக்கா உள்ளிட்ட மேலும் ஒன்பது நாடுகளை இங்கிலாந்துக் கல்வித் துறை அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இது நல்ல மாற்றம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உள்ளாட்சி மன்றங்கள் பராமரிக்கும் பள்ளிகளில், வெளிநாட்டில் பயின்ற ஆசிரியர் கியூ.டி.எஸ். இல்லாமல் நான்கு ஆண்டுகள் வரை பாடம் நடத்த விதி இடம் தருகிறது. ஆனால் அந்தக் காலத்தில் அவருக்குத் ‘தகுதி பெறாதவர்’ என்ற கீழ்ச் சம்பள விகிதமே கிடைக்கக்கூடும். வேலை அதே வேலை, வகுப்பு அதே வகுப்பு. அங்கீகாரம் என்பது அவருக்குச் சம்பளமும் வேலைப் பாதுகாப்பும்தான். விண்ணப்பிப்பவரிடம் சான்றிதழ், நன்னடத்தைக் கடிதம் போன்ற தாள்களைக் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஓர் ஊரில் பிள்ளைகளிடம் முறைகேடாக நடந்து விலக்கப்பட்டவர் இன்னொரு நாட்டில் சாக்பீஸ் பிடிக்கக் கூடாது. நன்னடத்தைக் கடிதம் கேட்பதைக் கெடுபிடி என்று யாரும் குறைசொல்ல முடியாது.

சிக்கல், யாருக்கு இந்த வழி என்பதில் இருக்கிறது. இந்தியாவில் பயின்றவர் 11 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல், மொழிகள் ஆகியவற்றுள் ஒன்றைக் கற்பிக்கப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். வரலாற்று ஆசிரியருக்கு இடமில்லை. பிளஸ் டூவுக்குப் பின் இரண்டாண்டுப் பட்டயம் முடித்துத் தொடக்கப் பள்ளியில் ஆயுளைக் கழித்த நம் இடைநிலை ஆசிரியருக்கு அறவே இல்லை. ஒரே கல்லூரியில், ஒரே உளவியல் தாளை எழுதி, ஒரே பள்ளியில் கற்பித்தல் பயிற்சி எடுத்த இருவரில் இயற்பியல்காரர் தகுதி பெறுகிறார், வரலாற்றுக்காரர் வெளியே நிற்கிறார். ஆஸ்திரேலிய வரலாற்று ஆசிரியருக்கோ இந்தத் தடை இல்லை. 2023-24இல் இயற்பியல், மொழி ஆசிரியர்கள் குடிபெயர்ந்து வர 10,000 பவுண்டு கொடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு விளங்கிவிடும். ஆள் பற்றாக்குறை உள்ள பாடத்துக்கு ஆள் எடுப்பது ஒரு நாட்டின் உரிமை. அதைத் தகுதியை மதிப்பிடுவதாகச் சொல்லிக்கொள்வதுதான் பொருந்தவில்லை.

படிப்புக் காலத்தை வைத்துப் பார்த்தாலும் இப்படித்தான். தேசிய ஆசிரியர் கல்வி மன்றத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு இந்திய பி.எட். இரண்டாண்டுப் படிப்பு. இங்கிலாந்தில் பட்டதாரிகள் பெரும்பாலும் ஓராண்டில் பயிற்சியை முடித்துவிடுகிறார்கள். அதே இங்கிலாந்து 2012 ஜூலையில், ‘அகாடமி’ எனப்படும் பள்ளிகள் கியூ.டி.எஸ். இல்லாதவர்களையும் ஆசிரியர்களாக அமர்த்தலாம் என்று விதியைத் தளர்த்தியது. ஒரு பள்ளியில் தேவைப்படாத தாள் இன்னொரு பள்ளியில் உயிர்நாடி! இதற்கிடையில், நம் பட்டத்தை முழுதாக ஏற்காத அந்நாட்டின் பயிற்சி நிறுவனங்கள் கட்டணத்துக்கு வெளிநாடுகளில் நடத்தும் ‘ஐகியூ.டி.எஸ்.’ என்ற படிப்பும் 2022இல் முன்னோட்டமாகத் தொடங்கிவிட்டது.

தாளை மட்டும் பார்க்கும் முறை எதிர்ப்பக்கமும் தவறுகிறது. ஆசிரியர் நுழைந்ததும் எழுந்து நிற்கும் ஐம்பது பேர் வகுப்பில் கணிதம் நடத்தியவர், பர்மிங்காமில் கேள்விக்கு எதிர்க்கேள்வி போடும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும், தனிக் கவனம் தேவைப்படும் சிறப்புக் குழந்தைகளுக்கும் ஈடுகொடுக்கத் தயாரா என்பதை எந்த மதிப்பெண் பட்டியலும் சொல்லாது. சான்றிதழ் சரியாக இருந்தால் போதும், வகுப்பில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நல்லவரை வெளியே நிறுத்தும் அதே சோதனை, ஆயத்தமில்லாதவரை உள்ளே தள்ளிவிட்டு அவரைத் தனியே தவிக்கவும் விடுகிறது.

பார்ப்பதற்கு வழியில்லாமல் இல்லை. அனுபவமுள்ளவரைப் பள்ளியிலேயே, 12 வாரத்துக்கு மிகாமல், பாடம் நடத்தச் சொல்லிப் பார்த்து கியூ.டி.எஸ். தரும் முறை இங்கிலாந்திலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு பள்ளி அவரை ஏற்றிருக்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். விதிவிலக்காகக் கிடக்கும் இதையே பொது வழியாக்கி, செலவை ஆள் எடுக்கும் அரசு ஏற்றால் பாடம், நாடு என்ற பாகுபாடுகள் தேவையற்றுப் போகும்.

பழியில் பாதி நம் பக்கமும் உண்டு. ஸ்காட்லாந்தில் 1965 முதல் ஆசிரியர்களைப் பதிவுசெய்ய ஒரு மன்றம் இருக்கிறது. வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் பதிவேடு வைத்திருக்கும் இந்தியாவில் ஆசிரியருக்கு அப்படி ஒன்றில்லை. தேசிய ஆசிரியர் கல்வி மன்றம் அங்கீகரிப்பது கல்லூரிகளை. ‘டெட்’ என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வு தருவது தகுதிச் சான்று. ‘இவர் மீது நடவடிக்கை எதுவுமில்லை’ என்று யார் கையெழுத்திடுவது? தனியார் பள்ளி ஆசிரியர், விலகப்போகிறவர் என்று தெரிந்ததும் முகம் சுளிக்கும் தாளாளரின் தயவில் நிற்கிறார். அசல் சான்றிதழ்களையே பள்ளி பூட்டி வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். மாநில அளவிலாவது ஓர் ஆசிரியர் பதிவேடு இருந்தால் இந்தக் கெஞ்சல் இராது. ஆசிரியர் சங்கங்கள் ஊதியக் கோரிக்கையோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

புறப்படத் தயாராகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கியூ.டி.எஸ். விண்ணப்பத்துக்கு இங்கிலாந்து அரசு கட்டணம் வாங்குவதில்லை; அதற்கென்று முகவர் பணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். பணியிலிருந்து விலகும் முன்பே அனுபவச் சான்றையும் நன்னடத்தைக் கடிதத்தையும் கையில் வாங்கிவிடுங்கள். கியூ.டி.எஸ். இங்கிலாந்துக்கு உரியது, ஸ்காட்லாந்துப் பள்ளியில் சேர அங்குள்ள மன்றத்தில் தனியே பதிவுசெய்ய வேண்டும்.