மசக்கலி: எஞ்சிய சொல்லும் நீங்கிய பொருளும்

பாடல் மறுஆக்கத்தை, யாக்கப்சன் 1959-இல் வகுத்த ஒருமொழிப் பெயர்ப்போடு ஒப்பிட்டு நோக்கலாம். ஏ.ஆர். ரகுமான் இசையில் பிரசூன் ஜோஷி எழுதிய 'மசக்கலி' என்னும் இந்திப் பாடல் (2009) இதற்குத் தக்க சான்று. பழைய தில்லியைக் களமாகக் கொண்ட 'தில்லி-6' திரைப்படத்தில் மசக்கலி ஒரு புறாவின் பெயர். அகராதிப் பொருளற்ற இச்சொல்லுக்கு அப்புறாவே சுட்டுப்பொருள். அஞ்சாது பறக்குமாறு அதனை விளிப்பது, பாடகியாக விழையும் கதைத்தலைவியின் விடுதலை வேட்கையையும் குறிப்பாக உணர்த்துகிறது.

2020 ஏப்ரலில் தனிஷ்க் பாக்சி உருவாக்கிய 'மசக்கலி 2.0'-இல் விளியும் பல்லவியும் எஞ்சின, கதைச்சூழல் உடன்வரவில்லை. ஆகவே, பெயர் காதலர்தம் செல்லவிளியாகச் சுருங்கியது. உள்ளுறை உவமத்திற்குக் கருப்பொருளே நிலைக்களன் என்பது தொல்காப்பிய நெறி. இங்குப் புறாவாகிய கருப்பொருள் நீங்கியதும் உள்ளுறையும் நீங்கிற்று.

மூலப்பாடலைக் கேட்குமாறு ரகுமான் அப்போது வெளிப்படையாக வேண்டினார். அதனை உரிமைப் பூசலாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. மறுஆக்கம் மாறுபடுவது குறையன்று. மாற்றுச் சுட்டுப்பொருளைப் படைக்காமல் சொல்லை மட்டும் பேணுவதே குறை. மொழிபெயர்ப்பில் பெயர்ச்சொற்களை ஒலிபெயர்த்து அமைவோரும் இதனைக் கருதுதல் வேண்டும்.