குழாய் ஸ்பீக்கரில் கேட்காதது

சிலமலையில் திருவிழா சாட்டிவிட்டால் முதலில் வந்து இறங்குவது ரேடியோ செட்டுதான். வேப்பமரத்து உச்சியில் குழாயைக் கட்டி, வாயை மேற்கே மலைப்பக்கம் திருப்பிவிடுவார்கள். பக்திப் பாட்டு நாலு முடிந்ததும் இளையராஜா தொடங்கிவிடுவார். போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில் எங்கள் ஊர். தேவாரம் தாண்டிப் போனால் அவர் பிறந்த பண்ணைப்புரம். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பிலும் அவர்தான், டீக்கடையிலும் அவர்தான். 1976-ல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துக் காதுகள் அவர் பாட்டிலேயே வளர்ந்தவை. அப்படி மனப்பாடமான பாட்டுகளில் பாதியை நான் கேட்டதே இல்லை என்று தெரிந்தது, வீட்டு ஸ்டீரியோவோடு ஒரு சப்வூஃபரைச் சேர்த்த அன்றுதான்.

குழாய் ஸ்பீக்கர் குரலை மலையடிவாரம் வரை கொண்டுபோகும். ஆனால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்குப் பெரிதாகப் பேச வராது. பேஸ் கிடாரின் நான்கு தந்திகளை விரல் வைக்காமல் மீட்டினால் வரும் ஸ்வரங்கள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். நான்குமே குழாய்க்கு எட்டாதவை. ஆனாலும் மரத்தடியில் நின்ற எங்களுக்கு ஏதோ ஒரு பேஸ் கேட்டதே, எப்படி? ஒரு ஸ்வரத்தின் மேலதிர்வுகள் மட்டும் காதுக்கு வந்து சேர்ந்தாலும், அவற்றை வைத்து மூளை அடி ஸ்வரத்தைத் தானாகவே ஊகித்துக்கொள்கிறது. இத்தனை வருடமாக நாங்கள் கேட்டது அந்த ஊகத்தைத்தான்.

சப்வூஃபர் என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் நல்ல பெயர் இல்லை. 4440 ஐ.சி. போர்டில் கோத்த செட்டு, சீட்டுக்கு அடியில் பெட்டி, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'தும் தும்'. அதில் ஸ்வரமே இல்லை. பெட்டிக்குப் பிடித்த ஒரே அதிர்வை எல்லாப் பாட்டின் மேலும் ஏற்றிவைக்கிற வேலை அது. நான் சொல்வது இதற்கு நேர் எதிரானது. நன்றாகச் சேர்ந்த சப்வூஃபர் ஓடுவதே தெரியக் கூடாது. அணைத்தால்தான் தெரிய வேண்டும்: பாடுகிறவரின் நெஞ்சு சட்டென்று மெலியும், தபேலாவில் இடக்கை ஒதுங்கிப்போகும், அறையே சிறுத்ததுபோல் இருக்கும்.

என்னிடம் இருந்தவை ஐந்து அங்குலக் கோன் வைத்த இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள். குரலுக்கும் வயலினுக்கும் இன்றும் அவற்றை விட மாட்டேன். ஆனால் 60 ஹெர்ட்ஸைத் தாண்டிக் கீழே போகச் சொன்னால் திணறும். அது அவற்றின் குறையல்ல, கணக்கு. அதே சத்தத்தோடு ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். பத்து அங்குலக் கோனின் பரப்பு ஐந்து அங்குலத்தைப்போல் நான்கு மடங்கு. அந்தப் பாரத்தைப் பெரியவன் தோளுக்கு மாற்றிவிடுகிறோம், அவ்வளவுதான். என் ஆம்ப்ளிஃபயர் பழையது, சப்வூஃபருக்கென்று தனி வாய் கிடையாது. ஸ்பீக்கர் வயர் மாட்டுகிற முனையிலிருந்தே இன்னொரு ஜோடி வயரை இழுத்து, சப்வூஃபரின் பின்னால் அதற்கென்று இருக்கும் முனைகளில் கொடுத்தேன். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். ஸ்பீக்கருக்குப் போகும் அதே சாரம் சப்வூஃபருக்கும் போகிறது.

முதலில் போட்டது 'மூடுபனி'யில் ஜேசுதாஸ் பாடும் அந்தக் கிடார் பாட்டு. 1980-ல் வந்த படம், இளையராஜாவுக்கு நூறாவது. வேப்பமரத்தடியிலும் பஸ்ஸிலும் நூறு தடவை கேட்டிருப்பேன். அன்றுதான் பேஸ் கிடார் அங்கே தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்கவில்லை என்பது தெரிந்தது. குரல் ஒரு மெட்டில் போக, அது கீழே தனியாக ஒரு மெட்டில் போகிறது. குரல் நீட்டி நிற்கும்போது இது நகர்கிறது. குரல் நகரும்போது இது ஒரு ஸ்வரத்தில் காலூன்றிக்கொள்கிறது. பேஸ் வாசிப்பவர் என்ன வாசிக்க வேண்டும் என்பதையும் மேற்கத்திய ஸ்வரக் குறிப்பில் எழுதிக் கொடுப்பவர் இளையராஜா. பல ஆண்டுகள் அவருக்கு பேஸ் வாசித்த சசிதரன் போன்றவர்களின் விரல் சுத்தம் அதோடு சேர்ந்துகொண்டது. பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு என்று வெறும் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அதை மட்டும் தனியாக முணுமுணுக்க முடிகிறது. நான் வாய்க்காலோரம் நடக்கும்போது முணுமுணுக்கிறேன்.

ஆனால் அன்று ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கிக்கொண்டு வந்தது. அது வரும்போதெல்லாம் பீரோக் கதவு 'கிர்ர்' என்று கூடவே பாடியது. சப்வூஃபரை மூலையில் வைத்திருந்தேன். அறை நீளம் 12 அடி. அந்த நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் அலையின் பாதி கச்சிதமாகப் பொருந்தும், அதனால் அந்த அதிர்வைச் சுவர்கள் தங்களுக்குள் பந்தாடும். பேஸ் கிடாரின் தடித்த தந்தியில் இரண்டாம் கட்டை ஏறக்குறைய அதே ஸ்வரம்தான். மூலையோ இந்த வீக்கத்தை இன்னும் ஊதிவிடுகிற இடம். அப்பா காலத்து ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை இவ்வளவு இருந்திருக்காது; ஓட்டு இடுக்கு வழியே பேஸ் வெளியே கசிந்துவிடும். காங்கிரீட் மச்சும் சிமெண்ட் சுவரும் அதை உள்ளேயே அடைத்துவைக்கின்றன.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு, செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள். நாம் உட்காரும் நாற்காலியில் சப்வூஃபரை ஏற்றிவைத்து, பேஸ் ஏறி இறங்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, காதைத் தரையோரம் வைத்தபடி சுவர் நெடுகத் தவழ வேண்டும். ஓரிடத்தில் எல்லாம் கொழகொழவென்று இருக்கும். இரண்டடி தள்ளினால் பேஸே காணாமல் போகும். எங்கே ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே கனத்தோடு, தனித்தனியாக எண்ணும்படி கேட்கிறதோ, அதுதான் பெட்டிக்கு உரிய இடம். என் அறையில் அது ஜன்னலுக்குக் கீழே, மூலையிலிருந்து நாலடி தள்ளி அமைந்தது. ஒரே பெட்டி ஒரு பக்கமாக இருக்கிறதே என்று யாரும் தயங்க வேண்டாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவது கடினம். இசைத்தட்டு வெட்டுகிறவர்களும் ஆழமான பேஸை இரு பக்கத்துக்கும் பொதுவாக நடுவில்தான் வைப்பார்கள். இல்லையென்றால் ஊசி எகிறிவிடும்.

பிறகு பின்னால் இருக்கும் திருகுகள். எங்கே ஸ்பீக்கர் விட்டு சப்வூஃபர் தொட வேண்டும் என்பதை 60-க்குச் சற்று மேலே வைத்தேன். 0, 180 என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது சப்வூஃபர் பின்னே இழுத்தால், இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். எந்தப் பக்கம் தட்டினால் பேஸ் நிறைகிறதோ அதுவே சரி. சத்தத் திருகை மட்டும் அவசரப்படாமல் தொட வேண்டும். 'ஓ, பேஸ் வருகிறதே' என்று தோன்றும் வரை ஏற்றி, அந்த எண்ணம் மறையும் வரை இறக்க வேண்டும். எனக்கு இதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

சத்தமாகக் கேட்பவர்களுக்குத்தான் இந்தப் பெட்டி என்பது தப்பு. அம்மா எட்டரைக்கே படுத்துவிடுவார், நான் கேட்பது அதன் பிறகுதான். சத்தத்தைக் குறைக்கக் குறைக்க மனிதக் காது பேஸை மட்டும் முதலில் கைவிடுகிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைந்து வைத்துவிட்டார்கள். அதனால் மெதுவாகக் கேட்கும் வீட்டில்தான் அடித்தளத்துக்குத் துணை அதிகம் தேவை. இப்போது பாதிக் குரலில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பு ஓடினாலும் தந்திக் கூட்டத்தின் கீழ்வரிசை கலைவதில்லை.

எங்கள் தெருவில் உறுமி வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். உறுமியில் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறு பக்கத்தை அடிப்பார்கள். அந்தத் தேய்ப்பு காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுக்கு வந்துவிடும். பேஸ் என்றால் என்ன என்பதை இந்த ஊர் பெட்டியிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. அவரை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, அதே 'மூடுபனி' பாட்டைப் போட்டேன். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் சம்மணமிட்டு, உள்ளங்கையைத் தரையில் பதித்துக்கொண்டார். சரணம் வரைக்கும் பேசவில்லை.

"இந்தத் தம்பி அடிக்கிறது பெருசில்லப்பா," என்றார். "அடிச்சதும் கையை வச்சு அமுக்கி நிறுத்துறாரு பாரு, அதான்."

நான் மூடிய பெட்டியாகப் பார்த்து வாங்கியது அதற்காகத்தான். துளை வைத்த பெட்டி இன்னும் ஆழமாக முழங்கும், ஆனால் ஸ்வரம் முடிந்த பிறகும் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கும். மூடிய பெட்டியில் வாசிப்பவர் விட்ட இடத்தில் சத்தமும் விடும். கடையில் அரை நாள் நின்று நான் கண்டுபிடித்ததை அவர் ஒரு சரணத்தில் தரையைத் தொட்டே சொல்லிவிட்டார்.

பாட்டு முடிந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"இன்னொருக்கா போடுப்பா."